வீட்டு மாடியில சோலார் போடணுமா? முதல்ல ஈபி கார்டை எடுங்க

போன மாசம் சித்தப்பா ஃபோன் பண்ணாரு. "டேய், 5 கிலோவாட் சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாம்டா, ஒரு ஆள் வந்து சொல்லிட்டு போயிருக்கான், நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துரவா"ன்னு கேட்டாரு. குடுக்காதீங்க சித்தப்பா, முதல்ல ஈபி கார்டை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்கன்னு சொன்னேன். வந்துச்சு. ஒரு வருஷமா பார்த்தா ரெண்டு மாசத்துக்கு 260, 280, 275 யூனிட், இதுக்கு மேல போகவே இல்ல. சித்தப்பாவும் சித்தியும் மட்டும்தான் வீட்ல, ஒரு ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், காலைல அரை மணி நேரம் மோட்டார், ஏசி கிடையாது. பில் எழுநூறு ரூபாய்கூட தாண்டல. இதுக்கு 5 கிலோவாட்டா? மானியம் போக ரெண்டு லட்சத்துக்கு மேல கையில இருந்து போட்டு வருஷத்துக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சா பேனலோட ஆயுசுக்குள்ள போட்ட காசு திரும்பாது.

அவருக்கு சொன்னதெல்லாம் இன்னும் நாலு பேருக்கு உதவட்டும்னுதான் இதை எழுதுறேன். எங்க வீடு கும்பகோணம் பக்கம், மாடியில 3 கிலோவாட் ஓடிட்டு இருக்கு, நல்லாவே ஓடுது, சோலார் வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா யாருக்கு வேணும், எவ்வளவு வேணும்னு பாக்காம போட்டவங்க நிறைய பேர் ஏமாந்து நிக்கிறாங்க, அதான் மனசு கேக்கல.

முதல் வேலை: பில்லை படிக்கிறது

ஒரு வருஷத்து ரீடிங்கை எடுத்து எழுதுங்க, ஆறு பில் இருக்கும். கோடைல ஏசி ஓடுற பில் தனியா, மழைக்கால பில் தனியா தெரியும். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016ல இருந்து இப்படித்தான். அதுக்கு மேல ஸ்லாப் ஏற ஏற ரேட் ஏறும். முக்கியமா 500 யூனிட் தாண்டிட்டா கணக்கே மாறிடும், கீழ் ஸ்லாப்ல இருந்த சலுகை ரேட்டும் போயிடும், 500க்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல. அதனால சோலாரால லாபம் யாருக்குன்னா 500ஐ தாண்டுற வீட்டுக்குத்தான், ஏன்னா சோலார்ல வர்ற யூனிட்டை நீங்க எரிச்ச யூனிட்ல இருந்து கழிப்பாங்க, அது மேல் ஸ்லாப்ல இருந்துதான் வெட்டும், விலை கூடுன யூனிட்தான் முதல்ல காலியாகும். 300க்குள்ள எரிக்கிற வீடுன்னா அவசரமே இல்ல, பொறுமையா இருங்க, பின்னாடி ஏசியோ கரண்ட் வண்டியோ வாங்குற எண்ணம் இருந்தா அப்போ யோசிக்கலாம்.

அளவு எப்படி கணக்கு போடுறது? நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் குடுக்கும். வருஷம் பூரா சராசரின்னு சொல்றேன், நல்ல வெயில்ல அஞ்சும் வரும், ஐப்பசி அடைமழைல ரெண்டுகூட வராது. அப்ப 2 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். உங்க வீடு 600 யூனிட் எரிக்குதுன்னு வைங்க, மூவாயிரம் கிட்ட பில் வரும். 2 கிலோவாட் போட்டா 480 போயிடும், மிச்சம் 120, அதுலயும் 100 இலவசம், யூனிட்டுக்கான காசு அம்பது ரூபாய் கிட்ட நிக்கும். இந்த வீட்டுக்கு போய் 3 கிலோவாட் போட்டா 720 யூனிட் வரும், கூடுதலா வர்றது அடுத்த பில்லுக்கு கேரி ஆகும்தான், ஆனா வருஷக் கடைசில கணக்கு முடிக்கும்போது மிஞ்சி நிக்கிற யூனிட்டுக்கு நீங்க வாங்குற ரேட் கிடைக்காது. அதனால தேவைக்கு ஒரு படி கம்மியா போடுறதுதான் தமிழ்நாட்டுல புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன், விக்கிறவங்க இதை சொல்ல மாட்டாங்க.

கரண்ட் கட் ஆனா சோலார் ஓடுமா?

ஓடாது. இதை கேட்டதும் நிறைய பேருக்கு அதிர்ச்சி. அம்மாவும் முதல் தடவை கரண்ட் போனப்போ மாடிக்கு போய் பார்த்துட்டு வந்து "இவ்ளோ வெயில் அடிக்குது, ஏன்டா ஃபேன் ஓடல"ன்னு கேட்டாங்க. மானியத்துல பெரும்பாலும் போடுறது ஆன்கிரிட், அதாவது ஈபி லைனோட சேர்ந்து ஓடுறது. லைன்ல கரண்ட் நின்னா சோலார் இன்வெர்ட்டரும் தானா நின்னுடணும், அது பழுது இல்ல, பாதுகாப்புக்காக அப்படி செஞ்சு வச்சிருக்காங்க. ஃப்யூஸ் பிடுங்கிட்டு போஸ்ட்ல ஏறி வேலை பாக்குற லைன்மேனுக்கு உங்க மாடியில இருந்து கரண்ட் போனா உயிருக்கே ஆபத்து.

இன்னொரு குழப்பம், நம்ம வீடுகள்ல இன்வெர்ட்டர்னா பேட்டரி வச்ச அந்த யுபிஎஸ்ஸைத்தான் சொல்வோம். சோலார் இன்வெர்ட்டர் வேற. பேனல்ல இருந்து வர்ற டிசி கரண்டை வீட்டுக்கு வேண்டிய ஏசி கரண்டா மாத்துறதுதான் அதோட வேலை, அதுல பேட்டரி கிடையாது. பழைய யுபிஎஸ் அது பாட்டுக்கு இருக்கட்டும், தூக்கி போட்டுடாதீங்க. கட் அடிக்கடி வர்ற ஊர், வீட்ல ஆக்சிஜன் மெஷின் மாதிரி நிக்கவே கூடாத சாமான் இருக்குன்னா மட்டும் ஹைப்ரிட் பாருங்க, அதுல பேட்டரி சேர்த்து வரும், செலவு நிறைய கூடும். பேட்டரி எடுக்குறதா இருந்தா லித்தியம் எடுங்க, ஆசிட் பேட்டரி நாலஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வந்துடும், தண்ணி ஊத்துற வேலையும் இருக்கு.

நிழல் பாக்குறது

எங்க வீட்ல நடந்த தப்பே இதுலதான். போட வந்தவங்க ஏப்ரல் மாசம் வந்து மாடியை பார்த்தாங்க, சூரியன் உச்சந்தலைல, தண்ணி டேங்க் நிழல் டேங்குக்கு கீழேயே சுருண்டு கிடந்துச்சு, அதுக்கு வடக்குப் பக்கமா பேனலை வரிசையா வச்சுட்டு போயிட்டாங்க. வெயில் காலம் பூரா சூப்பரா ஓடுச்சு. கார்த்திகை பொறந்ததும் வரவு குறைஞ்சுது, மழையாலன்னு நெனச்சேன். மார்கழில வானம் தெளிஞ்சும் ஏறல. ஒருநாள் காலைல ஒன்பது மணிக்கு காபி டம்ளரோட மேல போய் நின்னா, டேங்க் நிழல் சாய்வா நீண்டு வந்து ரெண்டு பேனல் மேல படுத்திருக்கு. ஆறு பேனல்ல ரெண்டுதானேன்னு விட முடியாது, எல்லாம் ஒரே சரமா கோர்த்திருக்கும், ஹோஸ் பைப்பை ஒரு இடத்துல மிதிச்சா கடைசி வரைக்கும் தண்ணி குறையுற மாதிரி ஒரு பேனல் மேல விழுற நிழல் மத்ததையும் இழுத்துட்டு போகும். பேனலுக்குள்ள பைபாஸ் டையோடுன்னு ஒன்னு இருக்கு, அது கொஞ்சம் காப்பாத்தும், முழுசா இல்ல. கடைசில கம்பியை கழட்டி, இடம் மாத்தி, அதுக்கு தனியா கூலி குடுத்தேன்.

அதனால நல்லா கேட்டுக்கங்க, மார்கழி சூரியன் தெக்கால சாஞ்சு போகும். எங்க பக்கம் மார்கழில உச்சி வேளைக்கே ஒரு பொருளோட நிழல் அதோட உயரத்துல முக்கால் பங்கு வடக்கால விழும், காலை ஒன்பதுக்கும் சாயங்காலம் மூணுக்கும் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு நீளும். பேனல் மட்டத்துக்கு மேல டேங்க் எட்டு அடி நிக்குதுன்னா பன்னெண்டு அடி தூரத்துக்கு நிழல் வரும்னு வச்சுக்கங்க. கைப்பிடிச் சுவர், மாடிப்படி ரூம், டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டு தென்னை, செல்ஃபோன் டவர் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். ஆனி மாசம் இதுக்கு நேர்மாறு, சூரியன் நமக்கு வடக்கால போகும், அப்ப வடக்குச் சுவர் நிழல் தெக்கால விழும், ஆனா உச்சிக்கு பக்கத்துலயே போறதால சின்ன நிழல்தான். மார்கழி, தை மாசத்துல ஒரு நாள் காலை, மதியம், சாயங்காலம் மூணு வேளையும் மேல போய் சாக்பீஸ்ல நிழல் ஓரத்தை கோடு போட்டு வச்சுட்டீங்கன்னா போதும், வேற எந்த மெஷினும் வேண்டாம். கோட்டுக்கு வெளிய இருக்கிறதுதான் உங்க சோலார் இடம்.

இடம் எவ்வளவுன்னா 1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி. இப்ப வர்ற 540, 550 வாட் பேனல் ஒன்னு ஏழரை அடி நீளம், நாலடிக்கு கொஞ்சம் கம்மியா அகலம், 28 கிலோ கிட்ட கனம். ஆறு வச்சா 3.3 கிலோவாட் வந்துடும். தெக்கு பார்த்து 10, 12 டிகிரி சாய்வு வைங்க, மழை பெஞ்சா தூசியும் வழிஞ்சு போயிடும். தெக்குல இடம் இல்லேன்னா கிழக்கு மேற்கா வச்சாலும் நம்ம ஊர்ல பெரிய நட்டம் கிடையாது.

கம்பி, தளம், காத்து

இதை யாரும் பேச மாட்டாங்க, பேனல் பிராண்டு, செல் டைப்பு, டாப்கான் அது இதுன்னுதான் பேசுவாங்க. எனக்கு பேனலைவிட அதை தாங்குற ஸ்டரக்சர்தான் முக்கியம். 2018ல கஜா புயல் வந்தப்போ டெல்டால தென்னையே வேரோட சாஞ்சுது, அந்தக் காத்துல 28 கிலோ பேனல் பறந்து போய் பக்கத்து வீட்ல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. ஹாட் டிப் பண்ண, அதாவது உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்த ஜிஐ கம்பிதான் வேணும்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, பெயிண்ட் அடிச்ச சாதா இரும்பு ரெண்டு மழைல துரு பிடிக்கும், கடலோர ஊர்னா கேக்கவே வேண்டாம். நட்டு போல்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எத்தனை கிலோமீட்டர் வேகக் காத்துக்கு டிசைன் பண்ணதுன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாதவங்ககிட்ட வேலை குடுக்காதீங்க.

தளத்தை துளை போட விடாதீங்க. தட்டோடு பதிச்ச பழைய மாடில டிரில் போட்டா அடுத்த மழைக்கே கீழ ரூம் சீலிங்ல ஈரம் காட்டும். அதுக்கு பதிலா தளத்து மேலயே கான்கிரீட் பெடஸ்டல் கட்டி அதுல கம்பியை நிறுத்தலாம், கொஞ்சம் செலவுதான், ஆனா ஒழுகாது. துணி காயப்போட, வடகம் வைக்க மாடி வேணும்னா ஸ்டரக்சரை எட்டு அடிக்கு தூக்கி போட சொல்லுங்க, அதுக்கு தனியா காசு கேப்பாங்க, நியாயம்தான், கம்பி நிறைய போகுது. எங்க வீட்ல இப்ப அதுக்கு கீழதான் அம்மா நிழல்ல உக்காந்து கீரை ஆயுறாங்க, கீழ் ரூமும் கோடைல முன்ன மாதிரி கொதிக்கல.

காசும் மானியமும்

2024 பிப்ரவரில பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் வந்துச்சு, ஒரு கோடி வீட்டுக்குன்னு அறிவிச்சாங்க. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூணாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000, அதுக்கு மேல எவ்ளோ போட்டாலும் அதே 78,000தான். இதை பார்த்தாலே 2 கிலோவாட்டுக்குத்தான் மானியம் கனமா இருக்குன்னு தெரியும். அபார்ட்மெண்ட் சங்கம் பொது லைட்டு, லிஃப்டு, மோட்டாருக்கு போட்டா கிலோவாட்டுக்கு 18,000.

மானியம் வேணும்னா செல்லும் பேனலும் ரெண்டுமே இந்தியால செஞ்சதா இருக்கணும், டிசிஆர் பேனல்னு சொல்வாங்க, விலை கொஞ்சம் கூடத்தான். சிலர் கொட்டேஷன்ல ஒன்னு போட்டு மாடியில வேற பேனலை இறக்கிடுறாங்க, அப்புறம் மானியம் வராது, அதனால டெம்போல இருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பேனல் பின்னாடி இருக்கிற சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து பேனல், இன்வெர்ட்டர் மாதிரி சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5ஆ குறைஞ்சுடுச்சு, பழைய ரேட்ல கணக்கு போட்டு தந்தா கேள்வி கேளுங்க. மூணு பேர்கிட்டயாவது கொட்டேஷன் வாங்குங்க. மானியத்தை கழிச்சுட்டு சொல்ற விலை ஒன்னு, கழிக்காம சொல்ற விலை ஒன்னுன்னு குழப்புவாங்க, முழு விலையை எழுதி வாங்கிட்டு கழிக்கிறதை நீங்க பண்ணுங்க, மானியம் பிற்பாடு நேரா உங்க அக்கவுண்டுக்குத்தான் வரும்.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தாத்தா பேர்ல, காலமான அப்பா பேர்ல இருக்கிற சர்வீஸ் நம்ம ஊர்ல எத்தனையோ வீட்ல இருக்கு. அதை முதல்ல பேர் மாத்துங்க, இல்லேன்னா பேங்க் அக்கவுண்ட் பேரும் கனெக்‌ஷன் பேரும் ஒத்துப் போகாம மானியம் தொங்கிட்டு நிக்கும். சேங்ஷன் லோடும், அதாவது உங்க வீட்டுக்கு ஈபி அனுமதிச்ச லோடும் எவ்வளவுன்னு பாருங்க, பழைய வீடுகள்ல 1 கிலோவாட்னு இருக்கும், 3 கிலோவாட் சோலார் போடணும்னா லோடை கூட்டணும். 10 கிலோவாட் வரைக்கும் தனியா சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம்னு 2024ல மத்திய அரசு விதியை திருத்திட்டாங்க, அதனால அதுக்குன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

அப்புறம் சூர்ய கர் திட்டத்தோட போர்ட்டல். மாநிலம், மின்வாரியம், சர்வீஸ் நம்பர், மொபைல் நம்பர் போட்டு ரிஜிஸ்டர் பண்ணி அப்ளை பண்ணணும், இதுக்கு காசு கிடையாது. லிஸ்ட்ல இருக்கிற வெண்டரைத்தான் எடுக்கணும், லிஸ்ட்ல இருக்காங்கன்னு அவங்க வாயால சொன்னா போதாது, போர்ட்டல்ல நீங்களே பேரை தேடி பாருங்க. போட்டு முடிச்சதும் விவரத்தை ஏத்தணும், ஈபில இருந்து எடுக்குறதையும் நீங்க திருப்பி குடுக்குறதையும் சேர்த்து கணக்கு வைக்கிற நெட் மீட்டருக்கு கேக்கணும், செக்‌ஷன் ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்து மீட்டர் மாத்துவாங்க, அப்புறம் பேங்க் விவரம் குடுத்தா மானியம் வரும். நெட் மீட்டர் ஏறி ஓடுற வரைக்கும் வெண்டருக்கு கடைசி தவணையை குடுக்காதீங்க, எத்தனையோ பேர் முழுப் பணமும் குடுத்துட்டு மாசக்கணக்கா ஃபோன் பண்ணிட்டு இருக்காங்க.

போடுற அன்னைக்கு

லீவு போட்டுட்டு வீட்ல இருங்க. எர்த்திங் குழி மூணு தோண்டணும், இடிதாங்கிக்கு ஒன்னு, பேனல்ல இருந்து வர்ற டிசி கரண்ட் பக்கத்துக்கு ஒன்னு, வீட்டுக்கு போற ஏசி கரண்ட் பக்கத்துக்கு ஒன்னு. மூணையும் ஒரே குழில கட்டிட்டு போறவங்க இருக்காங்க, இடி விழுந்தா அந்தக் கரண்டு அப்படியே இன்வெர்ட்டருக்குள்ள வரும், விடாதீங்க. பேனல் ஒயர் கனெக்டரை ஒரே கம்பெனி ஜோடியா போட சொல்லுங்க, வேற வேற கம்பெனியை சொருகினா லூசா நின்னு சூடாகி கருகும், சோலார்ல தீ பிடிக்கிறது அதிகமும் இந்த மாதிரி இடத்துலதான். இன்வெர்ட்டரை வெயில் படாத சுவர்ல மாட்டுங்க. இன்னொன்னு, பேனலை சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது, வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அந்த டிசி ஒயர்ல கரண்ட் இருந்துட்டே இருக்கும், ஒயர் அறுந்து கிடந்தா பகல்ல யாரும் தொடக்கூடாதுன்னு வீட்ல குழந்தைங்ககிட்டயும் சொல்லி வைங்க.

ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்

வேலை பெருசா இல்ல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி மெல்லிசு துணி மாப்பால துடைச்சா போதும். உச்சி வெயில்ல கொதிக்கிற கண்ணாடி மேல பச்சத்தண்ணி ஊத்தாதீங்க. போர் தண்ணி உப்பா இருந்தா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா கறை நிக்கும், நாள்பட்டா போகாது, குழாய்த் தண்ணி இல்லேன்னா மழைத்தண்ணி பிடிச்சு வச்சு கடைசி அலசலுக்காவது அதை ஊத்துங்க. காக்கா எச்சத்தை விட்டு வைக்காதீங்க, சின்ன இடம்தானேன்னு தோணும், அந்த இடத்துல செல் சூடாகும்.

சித்திரை, வைகாசி கத்திரி வெயில்ல நிறைய வரும்னு எல்லாரும் எதிர்பாக்குறாங்க. பேனலுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மியா குறைஞ்சுட்டே வரும், மே மாசம் மாடியில பேனல் 60 டிகிரிக்கு மேல சுடும், பத்து சதவீதத்துக்கு மேல அங்கயே போச்சு. எங்க வீட்ல நல்ல வரவு மாசியும் பங்குனியும்தான். மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் பகல்லதான் ஓட்டணுமான்னு கேக்குறாங்க, நெட் மீட்டர்ல யூனிட்டுக்கு யூனிட் கழியும், அதனால உங்க பில்லுக்கு எப்ப ஓட்டினாலும் ஒன்னுதான், ஆனா சாயங்காலம் ஊரே விளக்கு போடுற நேரத்துல சோலார் இல்ல, அந்த நேரத்துக்கு தூத்துக்குடிலயும் எண்ணூர்லயும் நிலக்கரி எரிஞ்சாகணும், அதை நெனச்சாவது நான் பகல்ல ஓட்டுறேன். 3 கிலோவாட் ஒரு வருஷத்துக்கு 4,000 யூனிட்டுக்கு மேல குடுக்குது, அத்தனை யூனிட்டுக்கும் எங்கேயோ கரி எரியல, சாம்பல் ஆத்துல கலக்கல, எனக்கு பில் குறைஞ்சதைவிட இது பெருசா படுது.

குறையையும் சொல்லிடுறேன். பேனலுக்கு 25 வருஷம் வாரண்டி இருக்கும், இன்வெர்ட்டருக்கு அவ்ளோ கிடையாது, நடுவுல ஒரு தடவை மாத்துவீங்க, அந்தக் காசை இப்பவே கணக்குல வைங்க. வாடகை வீட்ல போடாதீங்க. மேல ஒரு மாடி கட்டுற எண்ணம் இருந்தா கட்டிட்டு போடுங்க, கழட்டி மாட்டுறதுல பேனல் கீறல் விழும். ஆயுசு முடிஞ்ச பேனலை பழைய இரும்புக் கடைல போடாதீங்க, அதுல ஈயம் இருக்கு, 2022 மின்கழிவு விதில சோலார் பேனலையும் சேர்த்துட்டாங்க, தயாரிச்ச கம்பெனிக்கு அதுல பொறுப்பு இருக்கு. அதனால பில், வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் போட்டோ எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரம் இருக்கிற ஃபைல்லயே வைங்க.

சித்தப்பா இப்போதைக்கு போடல. மகன் குடும்பம் அடுத்த வருஷம் ஊரோட வந்துடுறாங்களாம், ரெண்டு ஏசி வரும்னு சொல்றாரு. வரட்டும், அதுக்குள்ள இந்த மார்கழில அவரு மாடியில போய் நிழலுக்கு கோடு போட்டு வைக்க சொல்லிருக்கேன், சாக்பீஸ் டப்பாவும் வாங்கி குடுத்துட்டு வந்தேன்.